கலைப் படிப்பும் நல்ல எழுத்தும்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் முதல் கல்லூரி திறக்கும்வரை என் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருக்கும். சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 24 ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கிறேன். தெருக்காரர்கள், உறவுக்காரர்கள், பழைய மாணவர்களின் தம்பி தங்கைகள் என்று யார் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். வாசலில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

லிபரல் ஆர்ட்ஸ் என்று விளம்பரம் பார்க்கிறோம். அது நம்ம பி.ஏ.தானே மேடம்?

ஏறத்தாழ அதுதான். ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயரில் ஏழு பாடங்கள் படித்தார்கள்: இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். கணக்கும் வானியலும் உள்ளே இருக்கின்றன. "கணக்கு வராதவன் ஆர்ட்ஸ் எடுப்பான்" என்பது நாம் பின்னால் கட்டிவிட்ட கதை. சர் சி.வி. ராமன் 1904-ல் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து வாங்கிய பட்டத்தின் பெயரே பி.ஏ.தான்.

இன்றைக்கு வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், அரசியல், தத்துவம், உளவியல், சமூகவியல் இவற்றோடு கொஞ்சம் கணிதமும் அறிவியலும் கலந்து படிப்பதை லிபரல் ஆர்ட்ஸ் என்கிறார்கள். இதன் விதை நம் கல்லூரிகளில் முன்பே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளையும் முதல் இரண்டு ஆண்டு தமிழோ வேறொரு மொழியோ படிக்க வேண்டும், கூடவே ஆங்கிலமும். "லாங்குவேஜ் பேப்பர்தானே, கடைசி நாள் பார்த்துக்கலாம்" என்று அதைத் தள்ளிவிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். லட்சம் லட்சமாகக் கட்டி வெளியே தேடுகிற பொருள், நம் டைம் டேபிளில் காலை முதல் பீரியடில் கிடக்கிறது.

இன்ஜினியரிங் கிடைக்காதவங்கதானே ஆர்ட்ஸ் காலேஜுக்கு வர்றாங்க?

சிலர் அப்படித்தான் வருகிறார்கள், மறைப்பானேன். முதல் நாள் வகுப்பில் "ஏன் வரலாறு எடுத்தீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களில் சிலர் மூன்றாம் ஆண்டில் நான் பார்த்திராத ஆவணத்தை என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

வரலாறு, இலக்கியம் எல்லாம் படித்து என்ன தெரியப்போகிறது? போனில் தேடினால் கிடைக்காததா?

தகவல் கிடைக்கும். எதைத் தேட வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் படிப்பு வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "எங்க தெருவுல மட்டும் ஏன் மேடம் இடுப்பளவு தண்ணி?" அவன் வீடு மேற்கு மாம்பலம். எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் தெருப் பெயர்களை மட்டும் எழுதச் சொன்னேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எந்த ஏரி தெரிகிறது? நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. சேத்துப்பட்டுப் பக்கம் ஸ்பர்டேங்க் ரோடு. பழவந்தாங்கல் ஸ்டேஷனை ரயிலில் தினமும் கடக்கிறோம். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரி. அன்றைக்கு வகுப்பே எழுந்து பெயர் பெயராகச் சொன்னது.

பிறகு பழைய வரைபடத்துக்குப் போனோம். நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் தொட்டுக் கிடந்த நீண்ட ஏரியை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் அதன் பெரும்பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடம் ஏரியின் அடிவயிறு என்று அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. அந்த முடிவை யார் எடுத்தார்கள், அப்போது ஊருக்கு என்ன தேவை இருந்தது, யாருடைய பாசன நிலம் போனது என்று கேள்விகள் வரிசையாக வந்தன. சில பேரை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன்.

வடிகால் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போடுவார். அந்தத் தண்ணீர் எங்கே போகப் பழகியிருந்தது என்பது பழைய பதிவேட்டிலும் ஊர்ப் பெயரிலும் பாட்டிகளின் பேச்சிலும் இருக்கிறது. அதைப் படித்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குமுன் எத்தனையோ காலம் அதைப் பயனற்ற நிலமாகப் பார்த்தோம். நிலத்துக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோமோ அதற்கேற்றபடிதான் அதை நடத்துகிறோம்.

நல்ல எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்? அடுக்குமொழியா?

அதுவே இல்லை. இதற்கு நம்மிடம் மிகப் பழைய அளவுகோல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களையும் இருக்கவேண்டிய பத்து அழகுகளையும் வரிசைப்படுத்தினார். நம்மில் பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்து அன்றே மறந்துவிட்ட பகுதி. நான் அதை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

குன்றக் கூறல்: வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது. மிகைபடக் கூறல்: வேண்டாததையும் சேர்ப்பது. கூறியது கூறல் விளக்கமே வேண்டாம். மாறுகொளக் கூறல்: முதல் பத்தியில் சொன்னதை மூன்றாம் பத்தியில் மறுப்பது. மற்றொன்று விரித்தல்: கேட்டது ஒன்று, எழுதியது இன்னொன்று. சென்று தேய்ந்து இறுதல்: ஆரவாரமாகத் தொடங்கிக் கடைசியில் நூலாக இளைத்துப் போவது. நின்று பயன் இன்மை: சொற்கள் எல்லாம் வரிசையாக நிற்கும், படித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. என் மாணவர்களின் விடைத்தாள்களில் மட்டுமல்ல, அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்தக் கடைசிக் குற்றம்தான் அதிகம்.

அழகுகளில் முதல் இரண்டைச் சேர்த்துப் பாருங்கள்: சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல். சுருக்கினால் விளங்காமல் போகும், விளக்கினால் நீண்டுவிடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்யவேண்டியிருப்பதால்தான் எழுதுவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் 'எனக்கே இது சரியாகப் புரியவில்லையே' என்ற உண்மை நமக்குத் தெரியவரும். பேசும்போது கையை ஆட்டிச் சமாளித்துவிடலாம். தாளில் கை ஆட்ட முடியாது.

வேலைக்கு வேண்டுமானால் சரி. சாதாரண மனுஷனுக்கு நல்லா எழுதத் தெரிந்து என்ன ஆகணும்?

சாதாரண மனுஷனுக்குத்தான் அதிகம் ஆகணும். செல்வாக்கு உள்ளவர் ஒரு போன் போட்டால் வேலை நடக்கும். மற்றவருக்குத் தாள்தான் துணை.

என் மாணவி ஒருத்தியின் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டி, ஒரு வருடத்துக்கு மேல் மூடாமல் விட்டிருந்தார்கள். அவள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டாள்: "எங்கள் தெரு ஏன் இப்படிக் கிடக்கிறது? ஏழைகள் வாழும் பகுதி என்பதால்தானே இந்த அலட்சியம்?" கோபம் நியாயமானது. ஆனால் 'கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அழுதுகொண்டு வந்து காட்டினாள்.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் தரச் சொல்கிறது. காரணம் யோசித்துச் சொல்லச் சொல்லவில்லை. அப்படியானால் காரணம் எந்தப் பதிவில் ஒளிந்திருக்கும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து திருப்பி எழுதினோம். இந்தத் தெருவைத் தோண்ட அனுமதி தந்த கடிதத்தின் நகல். சாலையைத் திரும்பப் போடும் பொறுப்பு யாருக்கு என்று காட்டும் ஆணையின் நகல். அதற்கென ஒதுக்கிய தொகை, தேதியுடன். வேலை முடிந்ததாகப் பதிவு இருந்தால், செய்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள். நான்கே கேள்விகள், பத்து ரூபாய்க் கட்டணம், தமிழிலேயே எழுதியது. எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இந்த முறை பதிலோடு தாள்கள் வந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு தெருப் பெண்கள் பத்துப் பேர் கவுன்சிலரைப் பார்த்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் சாலை போட்டார்கள்.

இந்த மனுவை எழுத அவளுக்கு உதவியது மூலாதாரங்களைப் படிக்கும் வகுப்பு. இந்தச் செப்பேட்டை யார் எழுதினார், யாருக்காக, இதில் எதை விட்டுவிட்டார் என்று கேட்டுப் பழகியவளால் ஓர் அலுவலகக் கோப்பையும் அப்படிக் கேட்க முடிந்தது.

இப்போ சாட்ஜிபிடி எல்லாமே எழுதித் தருதே. இனி எழுதப் பழகணுமா?

இந்தக் கேள்விக்கு நான் பதறுவதில்லை, ஆனால் கவலை உண்டு. 2022 நவம்பரில் அது வெளிவந்ததிலிருந்து வீட்டில் எழுதிவரச் சொல்லும் கட்டுரைகள் மாறிவிட்டன. எழுத்துப்பிழை குறைந்தது. கூடவே பிள்ளையும் கட்டுரையிலிருந்து காணாமல் போய்விட்டது. சென்னையின் நீர்நிலைகள் பற்றி எழுதச் சொன்னால், அடையாற்றுக் கரையில் வளர்ந்த பையனின் கட்டுரையில் அடையாற்றின் வாடைகூட இல்லை.

அதனால் கேள்வியை மாற்றினேன். "உங்கள் பஸ் ஸ்டாப்பில் காலையில் அரை மணி நேரம் நில்லுங்கள். பார்த்ததை 300 சொல்லில் எழுதுங்கள்." கண்ணகி நகரிலிருந்து வரும் ஒரு மாணவி, மீன் கூடையை ஏற்றவிடாமல் பஸ் கிளம்பிவிட அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தன் பாட்டியைப் பற்றி எழுதினாள். ஆற்றோரத்திலிருந்து நகரத்துக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவர்களுக்கு வேலைக்குப் போய்வருவதே ஒரு வேலையாக ஆகிவிட்டதை அந்த 300 சொல் எனக்குச் சொன்னது. எந்த இயந்திரமும் அந்த நிறுத்தத்தில் நின்றதில்லை.

இயந்திரத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அது தருவதில் எது பொய், எது வெற்றுச் சொல் என்று கண்டுபிடிக்க, முன்பே நிறையப் படித்து நிறைய எழுதியிருக்க வேண்டும். பழகும் வயதில் அதனிடம் கொடுத்துவிட்டால், சரிபார்க்கும் வயதில் கையில் ஒன்றும் இருக்காது. கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடுவது நீங்கள். தவறு வந்தால் கேட்பது உங்களைத்தான்.

வேலை கிடைக்குமா? நேராகச் சொல்லுங்க.

பட்டம் மட்டும் இருந்தால் கிடைப்பது கஷ்டம். கைடு படித்து, கொஸ்டின் பேங்க் பார்த்து, மூன்று வருடம் ஒப்பேற்றிய பி.ஏ.வை எந்த முதலாளியும் மதிப்பதில்லை. அதற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லமாட்டேன். நோட்ஸை வாசித்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகும் ஆசிரியர்களும் காரணம். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் நண்பனைவிடக் குறைவாக இருக்கும் என்பதையும் வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஒழுங்காகப் படித்தவர்களுக்கு வழிகள் உண்டு. பட்டம் முடித்துச் சட்டம் படிக்கலாம், மூன்று வருடம். பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போகலாம். சமூகப் பணிப் படிப்புக்கு எழும்பூரில் 1952-லேயே தொடங்கிய கல்லூரி இருக்கிறது. பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள் என்று என் பழைய மாணவர்கள் பரவியிருக்கிறார்கள்.

போட்டித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று. யு.பி.எஸ்.சி. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாள் மட்டும் 250 மதிப்பெண், இரண்டே கட்டுரைகள். எழுத்துத் தேர்வின் மொத்தம் 1750. பொது அறிவுத் தாள்களும் விரிவாக எழுதவேண்டியவைதான். தமிழிலும் எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வும் எழுத்தை நம்பியே இருக்கிறது. சரியான விடையைக் கட்டத்தில் கறுப்பாக்கப் பழகியவர்கள் முதல்நிலையைத் தாண்டி இந்த இடத்தில் வந்து நின்றுவிடுவதை வருடாவருடம் பார்க்கிறேன்.

ராமானுஜன் மற்ற பாடங்களில் ஃபெயில் ஆனவர்தானே? பல துறை படிக்காமலே மேதை ஆகவில்லையா?

ஆனார். கும்பகோணத்திலும், பிறகு இங்கே பச்சையப்பன் கல்லூரியிலும் கணக்கைத் தவிர மற்றவற்றில் தவறி, பி.ஏ.வுக்கு முந்தைய தேர்வான எஃப்.ஏ. தேறாமல் போனார். அவரைத் தோற்கடித்த ஏற்பாடு தவறானது என்றுதான் நானும் நினைக்கிறேன். பரந்து படிப்பது வேறு, எல்லாவற்றிலும் பாஸ் ஆகாவிட்டால் வெளியே போ என்பது வேறு.

ஆனால் அதே ராமானுஜன் 1913 ஜனவரி 16-ஆம் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு, கணிதப் பேரறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் படிக்கிறேன். முதல் வரியிலேயே தான் யார் என்று சொல்லிவிடுகிறார்: கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருடச் சம்பளம் 20 பவுன். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை. ஓய்வு நேரத்தில் கணிதம் செய்வதாகச் சொல்லி, தான் கண்டவற்றைக் கூடவே வைக்கிறார். தான் ஏழை என்றும், மதிப்பு இருப்பதாகத் தோன்றினால் வெளிவரச் செய்ய விரும்புவதாகவும் கேட்கிறார். புகழ்ச்சி இல்லை, சுற்றி வளைப்பு இல்லை. படிப்பவருக்கு எது தெரிய வேண்டுமோ அது அந்த வரிசையிலேயே வருகிறது. அவர் கடிதம் அனுப்பிய வேறு கேம்பிரிட்ஜ் கணிதர்கள் கைகொடுக்கவில்லை என்பதும் உண்மை. படிக்கத் தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்கவும் வேண்டியிருந்தது.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

இரண்டிலும். நன்றாகத் தெரிந்த மொழியில் முதலில் யோசித்து எழுதுங்கள். சென்னையில் தனியார் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தமிழில் ஒரு பத்தியை நேராக எழுதத் தெரியாதவர் ஆங்கிலத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பைப்போல் நல்ல பயிற்சி வேறில்லை. 'பார்வை 2-இல் காணும் கடிதத்தின்படி' என்று தொடங்கும் ஓர் அரசாணையை எடுத்து, உங்கள் பாட்டிக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

எங்களுக்கு வசதி இல்லை. தைரியமாகச் சேர்க்கலாமா?

அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு, விண்ணப்பம் ஆன்லைனில். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024-இலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயருக்காக நகையை அடகு வைத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்காதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

மகள் இன்ஜினியரிங்தான் சேர்ந்திருக்கிறாள். ஆனால் சரித்திரம், கதை என்றால் உயிர்.

இரண்டும் நடக்கட்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.இ. பாடத்திட்டத்தில் 2022 முதல் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு தாள்கள் வந்திருக்கின்றன. அவற்றை ஒப்புக்குப் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விடுமுறையில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். 1896-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளிவரும் நூல்களின் பிரதி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் வீட்டுக்குப் பக்கமென்றால் இன்னும் நல்லது. பழைய தமிழ் அச்சு நூல் தேடினால் தரமணி ரோஜா முத்தையா நூலகம்.

வீட்டில் எழுதிப் பழக என்ன செய்யலாம்?

தினமும் ஒரு பக்கம், கையால். கருத்து எழுத வேண்டாம், அன்று கண்ணால் பார்த்த ஒன்று போதும். வாரம் ஒருநாள் நாளிதழ்த் தலையங்கம் ஒன்றை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். பள்ளியில் 'சுருக்கி வரைக' என்று இரண்டு மார்க்குக்குச் செய்தீர்களே, அதேதான். எழுதியதை மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். முதல் பத்தியை அடித்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கட்டுரை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும்.

எழுதியதை யாரிடம் காட்டுவது?

அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம். விஷயம் தெரிந்தவர் நீங்கள் விட்ட இடங்களைத் தானே நிரப்பிக்கொண்டு 'நல்லா இருக்கு' என்பார். என் மாணவி ஒருத்தி, மொட்டைமாடியில் துணி காயப்போடும் தன் அம்மாவிடம் கட்டுரைகளைப் படித்துக்காட்டுவாள். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். ஏரிகளைப் பற்றிய கட்டுரையில் ஓரிடத்தில் நிறுத்தி, "தாங்கல்னா என்னன்னு நீ சொல்லவே இல்லையேடி" என்று கேட்டாராம். அதே இடத்தில்தான் நானும் சிவப்பு மையால் சுழித்திருந்தேன்.